ஒரு சிறு கடையின் கணக்கு

முப்பது ஆண்டுகள் வெண்கட்டித் தூளைச் சுவாசித்துவிட்டு, 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வுபெற்ற நாம், மறு மாதமே கொட்டாஞ்சேனையில் ஒரு பலசரக்குக் கடையைத் திறந்தோம். வெள்ளவத்தையில் வீடு, ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஓர் ஒழுங்கையில் கடை. செய்தி பரவியதும் நண்பர்களிடையே ஒரு பந்தயமே நடந்தது. "மூன்று மாதம்" என்றார் ஒருவர். சற்றுத் தாராள சிந்தையுள்ள மற்றொருவர், "ஆறு மாதம் கொடுக்கலாம்" என்றார். சமதர்மம் பேசுகிறவன் கடை வைத்தால் முதலும் போய், நட்பும் போய், ஈற்றில் பேச்சு மட்டுமே மிஞ்சும் என்பது அவர்களது முடிபு.

பந்தயத்தில் இருவருமே தோற்றார்கள். கடை இன்றும் இருக்கிறது. ஆயினும் அது நிலைத்த கதையைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதற்காக நாம் இக்கட்டுரையை எழுத முற்படவில்லை. கடையில் நாம் கற்ற ஒவ்வொரு பாடத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். எல்லா வேளைகளிலும் அந்த விலையைக் கொடுத்தவர் நாம் அல்லோம். அதனை மறைத்துவிட்டுச் 'சிறு வணிகத்தில் வெற்றிபெறுவது எப்படி?' என்று உபதேசம் செய்வது நேர்மையாகாது.

முற்போக்கு எண்ணங்கொண்ட ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் ஏட்டில் கடை நடத்தும் முறையைப் பற்றி எழுதுவதா என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரில் எத்தனை பேர் அப்பக்கடையும், தேநீர்க்கடையும், தையற்கடையும் வைத்து வயிறு வளர்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? சிறு கடைக்காரன் பாதி முதலாளி, பாதி தொழிலாளி. காலையில் மொத்த வியாபாரியின் முன் கைகட்டி நிற்பவனும் அவன்தான். மாலையில் கடைச் சிப்பந்தியின் முன் கைநீட்டி அதட்டுபவனும் அவன்தான். அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பது வரலாற்றில் முன்கூட்டியே எழுதப்பட்டதன்று. பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஓகஸ்ட் 12ஆம் நாள் இந்நாட்டில் நிகழ்ந்த ஹர்த்தாலை நினைவுகூருங்கள். ஹர்த்தால் என்ற சொல்லுக்கே கடையடைப்பு என்பதுதானே பொருள்! தொழிலாளி வேலையை நிறுத்தினான். சிறு கடைக்காரன் கதவை இழுத்து மூடினான். பிரதமர் பதவி துறக்க நேர்ந்தது. ஆகவே, சிறு கடையின் கணக்கு நமக்கு அந்நியமான கணக்கு அன்று.

முதற் பாடத்தை எமக்குக் கற்பித்தது கடை மேசையின் லாச்சி. காலையில் பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டுமா? லாச்சியைத் திறந்தோம். வீட்டுக்கு மீன் வாங்க வேண்டுமா? லாச்சியைத் திறந்தோம். உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு மொய் எழுத வேண்டுமா? அதற்கும் லாச்சிதான். மூன்றாம் மாத முடிவில் எண்ணிப் பார்த்தபோது ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரூபா இருந்தது. 'ஆகா, வியாபாரம் என்பது இத்துணை எளிதா!' என்று மகிழ்ந்தோம். அதே வாரத்தில் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து மொத்த வியாபாரியின் கணக்கப்பிள்ளை வந்தார். அரிசிக்கும் பருப்புக்கும் சீனிக்கும் நாம் கொடுக்க வேண்டியது 1,80,000 ரூபா. அவர் போனபின் லாச்சியின் அடிப்பலகை தெரிந்தது.

கையில் பணம் இருப்பது வேறு, லாபம் இருப்பது வேறு என்பதைக் கணித ஆசிரியரான நாம் அன்றுதான் அறிந்தோம். பிறருடைய பணம் சில நாட்கள் எமது லாச்சியில் தங்கிச் செல்கிறது; அதனை எமதென்று எண்ணுகிறவன் அழிகிறான். அன்று முதல் இரண்டு பைகள் வைத்தோம்: வீட்டுப் பை ஒன்று, கடைப் பை ஒன்று. எமக்கென்று ஒரு மாதச் சம்பளத்தை நிர்ணயித்து, அதற்குமேல் ஒரு சதமும் கடைப் பையிலிருந்து எடுப்பதில்லை என்று விதித்துக்கொண்டோம். வரவு, செலவு, கொடுக்க வேண்டியது என மூன்று பத்திகள் கொண்ட கொப்பியொன்றை நாள்தோறும் இரவில் எழுதிய பின்னரே கதவை அடைத்தோம். வரும் வழி சிறிதாயினும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னதாக அதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அஃது ஓர் ஒழுங்கைக் கடைக்காரனுக்கும் சொன்னதென்பது அப்போது தோன்றியதேயில்லை.

அடுத்தது கடன். எமது ஒழுங்கையில் வாழ்பவர்கள் துறைமுகத்தில் கூலிவேலை செய்வோர், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிகள், பிறர் வீடுகளில் சமைக்கும் பெண்கள், முச்சக்கரவண்டி ஓட்டுவோர். சம்பளம் வரும் நாளுக்கும் அரிசி முடியும் நாளுக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் மேல் போட்ட பாலந்தான் கடைக்கடன். 'கடன் அன்பை முறிக்கும்' என்ற பலகையைத் தொங்கவிடும்படி பலர் கூறினர். அது ஏழையை அவமதிக்கும் பலகை என்று மறுத்தோம். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தோம், கொடுத்ததில் பாதியை எழுத மறந்தோம், எழுதியதைக் கேட்க வெட்கப்பட்டோம். எட்டாம் மாதத்தில் கடன் கொப்பியைக் கூட்டினால் 3,40,000 ரூபா!

இதன் பொருள் என்ன? அரிசியில் எமக்குக் கிடைத்தது விற்பனையில் நூற்றுக்கு எட்டு. ஆயிரம் ரூபாக் கடன் திரும்பாமற் போனால் அந்த இழப்பை ஈடுசெய்ய 12,500 ரூபாவுக்கு அரிசி விற்க வேண்டும். அதாவது, ஒருவர் கொடாத கடனை ஒழுங்கையிலுள்ள மற்றவர்கள் அனைவரும் சுமக்கிறார்கள். எமது கருணை உண்மையில் யாருடைய பணத்தில் செய்யப்பட்ட கருணை? அதற்குமேல் வேறொன்றையும் கண்டோம். கடன் ஏறியவர்கள் எமது கடைக்கு முன்னால் நடப்பதை விட்டு, சுற்று வழியாகப் போகத் தொடங்கினார்கள். அன்பை முறிப்பது கடன் அன்று, அளவற்ற கடன்.

கொடுப்பதை நிறுத்தவில்லை, அளந்து கொடுத்தோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் வாக்கல்லவா? ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் சம்பள நாளையும் தொகையையும் பொறுத்து ஓர் எல்லை வகுத்தோம். கொப்பிகள் இரண்டு, ஒன்று கடையில், ஒன்று அவர்கள் கையில். எழுதும்போது அவர்கள் முன்னிலையில் வாசித்துக்காட்டி எழுதுதல். அரிசி, பருப்பு, பால்மா, மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குக் கடன் உண்டு, சிகரெட்டுக்கு இல்லை. பழைய கடனில் பாதியேனும் தீர்ந்த பின்னரே புதுக் கடன். இதனை நாம் அறிவித்தபோது கோபித்தவர் சிலர். ஆனால் ஒரு வருடத்தில் கொப்பியின் தொகை மூன்றிலொன்றாகக் குறைந்தது. சுற்று வழியாகப் போனவர்களும் நேர்வழிக்குத் திரும்பினார்கள்.

இவ்விடத்தில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்துத் தொழிலாளரை நினைக்கிறோம். 1844 டிசம்பர் 21ஆம் நாள், 28 பேர் சேர்ந்து 28 பவுண் முதலோடு ஒரு சந்தில் கடை திறந்தார்கள். வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி என்னும் சில பண்டங்களே அவர்களிடம் இருந்தன. அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள்: கலப்படமற்ற சரக்கு, குறைவற்ற நிறை, உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு, கைக்காசுக்கே வியாபாரம். கடன் கொடாமை கல்நெஞ்சினால் வந்ததன்று. கடைக்கடன் தொழிலாளியைக் கடைக்காரனுக்கு அடிமையாக்குவதை அவர்கள் தம் வாழ்விலேயே கண்டிருந்தார்கள். எனினும் அந்த விதியை அப்படியே கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தால் அஃது இரவற் சட்டையாகவே இருக்கும். நாட்கூலி நிச்சயமில்லாத ஒழுங்கையில் கைக்காசு மட்டும் என்று சொன்னால், மக்கள் மீற்றர் வட்டிக்காரனிடம் போவார்கள்.

மீற்றர் வட்டி என்றால் என்ன என்பதை எமது ஒழுங்கையில் மீன் விற்கும் ஒருவரின் கணக்கினால் விளக்குகிறோம். அவர் வாங்கியது 10,000 ரூபா. நாளொன்றுக்கு 400 ரூபாவாக முப்பது நாள் கட்ட வேண்டும். மொத்தம் 12,000. "மாதத்துக்கு நூற்றுக்கு இருபதுதானே, மாஸ்டர்" என்றார் அவர். அன்று! முதல் நாளிலிருந்தே அவர் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறார். மாதம் முழுவதும் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் ஏறக்குறைய 5,000 ரூபாதான். 5,000 ரூபாவுக்கு 2,000 ரூபா வட்டி என்றால், மாதத்துக்கு நூற்றுக்கு நாற்பதை நெருங்குகிறது. இந்தக் கணக்கைக் கரியால் சுவரில் எழுதிக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. எட்டாம் வகுப்பு எண்கணிதம் அது. அதனை எத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம்! ஆயினும் பாடப்புத்தகத்தில் வட்டி கட்டியவர்கள் அனைவரும் 'இராமன்', 'கண்ணன்' என்ற பெயர்களாகவே இருந்தார்கள். மீன் கூடையோடு எவரும் வந்ததில்லை.

நிறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதையும் மிகையாகக் கொள்ளார், கொடுப்பதையும் குறைவாகக் கொடார் என்று பட்டினப்பாலை போற்றுவதைப் படித்துக் களித்தவர்கள் நாம். எமது தராசுக்கு முத்திரை குத்தும் காலம் வந்தபோது, அது கிலோ ஒன்றுக்கு 15 கிராம் கூட்டிக் காட்டுவது தெரியவந்தது. வேண்டுமென்று செய்ததன்று. ஆனால் நாளொன்றுக்கு நாற்பது கிலோ அரிசி விற்றால் 600 கிராம். மாதத்துக்கு 18 கிலோ. யாருக்கும் தெரியாமல், எமக்கே தெரியாமல், ஒழுங்கையின் அடுப்புகளிலிருந்து மாதம் 18 கிலோ அரிசியை எடுத்திருக்கிறோம். தராசைத் திருத்தியபின் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, சில மாதங்கள் ஒவ்வொரு நிறுவையிலும் ஒரு பிடி மேலதிகமாகப் போட்டோம். "மாஸ்டருக்குப் பைத்தியம்" என்றார்கள் சிலர். நேர்மை என்பது நல்லெண்ணத்தில் மட்டும் இல்லை, ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட வேண்டிய இரும்பிலும் இருக்கிறது என்பதை நாம் கற்றோம்.

எமக்கு வணிகம் கற்பித்தவர்களுள் தலைசிறந்தவர் களனி கங்கைக் கரையில் வாழும் ஒரு சிங்களப் பெண்மணி. விடியற்காலை ஐந்து மணிக்குள் இடியப்பக் கூடைகளோடு கடை வாசலுக்கு வந்துவிடுவார். அவர் பேசுவது பாதி சிங்களம், பாதி தமிழ். எழுத்தறிவு குறைவு. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் கோடுகளால் கணக்கு வைத்திருப்பார். இடியப்பத்தின் விலையை ஒரு ரூபா குறைக்குமாறு ஒருநாள் கேட்டோம். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு விரல் மடக்கினார். மாவுக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு, முச்சக்கரவண்டிக்கு இவ்வளவு. பின்பு தமது உள்ளங்கையை விரித்துக் காட்டி, "மாத்தையா, மாவுக்கும் காசு, விறகுக்கும் காசு. இந்தக் கைக்குக் காசு இல்லையா?" என்றார்.

பெரும்பாலான வீட்டுத் தொழில்கள் லாபம் தருவதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அவற்றில் உழைக்கும் பெண்களின் கைக்கு எவரும் விலை போடாமையே. அந்தப் பெண்மணி போட்டிருந்தார். அவருடைய கணக்கில் மேலும் ஒரு கோடு இருந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது மாவும் உரலும் தட்டுகளும் போயின. தொழிலை மீண்டும் தொடங்க, கிராமத்துப் பெண்களுக்கு வாரத் தவணையில் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்திடம் வாங்கினார். அதிலிருந்து மீள மூன்று ஆண்டுகள் சென்றன. அதற்குப்பின் நாள்தோறும் விற்பனையில் ஒரு சிறு தொகையைத் தனித் தகரத்தில் இடுவார். "இது கங்கைக்கு" என்பார். பொருளியல் நூல்கள் காப்பு நிதி என்று கூறுவதை அவர் ஆற்றின் பெயரால் அழைத்தார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கங்கை மறுபடியும் ஏறியபோது வீட்டுச் சுவரொன்று இடிந்தது. ஆனால் மா உயரப் பரணில் இருந்தது. தகரம் அவர் மடியில் இருந்தது. இம்முறை தொழிலுக்காக அவர் எவரிடமும் கடன்படவில்லை.

இனி, இக்கட்டுரையில் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறோம்.

கடை திறந்த நாளிலிருந்து எம்மோடு ஓர் இளைஞர் வேலை செய்தார். ஹற்றனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து வந்தவர்; வயது இருபது. கொழும்பின் கடைகளையும் உணவகங்களையும் தாங்கி நிற்பவர்கள் இத்தகைய மலையக இளைஞர்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். நாமும் மற்றவர்களைப் போலவே அவரைக் 'கடைப் பையன்' என்று அழைத்தோம். இருபது வயது மனிதரைப் பையன் என்று அழைப்பது கூலியைக் குறைப்பதற்கான முதற்படி என்பது அப்போது உறைக்கவில்லை. காலை ஆறு மணிக்குத் திறக்கும் கடை இரவு ஒன்பது மணிக்கு மூடப்படும். உணவு நேரத்தைக் கழித்தாலும் பதின்மூன்று மணித்தியால வேலை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டும் ஓய்வு. மாதச் சம்பளம் 15,000 ரூபா. உணவும் படுக்க இடமும் கொடுத்தோம்; அதனை எமது பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டோம்.

2018 மார்ச் மாதத்தில் ஒரு மாலை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தைப் பற்றி ஓர் ஏட்டில் நாம் எழுதிய கட்டுரை மேசையில் கிடந்தது. அவர் அதனை எடுத்துப் படித்துவிட்டு, மிக்க மரியாதையோடு கேட்டார்: "சேர், தோட்டத்துல எட்டு மணித்தியாலத்துக்கு மேல வேல வாங்குறது அநியாயம்னு எழுதியிருக்கீங்க. கடைக்கு எத்தன மணித்தியாலம், சேர்?"

அவர் குரலில் ஏளனம் இல்லை. அறிந்துகொள்ளும் ஆவலோடுதான் கேட்டார். அதனாலேயே அக்கேள்வி எம்மை அன்று உறங்கவிடவில்லை.

மறுநாள் சட்டத்தைத் தேடிப் படித்தோம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத்தது. எமது வயதை ஒத்தது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, ஆண்டில் 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் சாதாரண விடுமுறை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலி. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டினது. ஒரேயொரு தொழிலாளி இருந்தாலும் அது பொருந்தும். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு 12. 1980இல் வந்த நம்பிக்கை நிதிக்கு மேலும் 3. இவை யாவும் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றவை. மேடைகளில் நாமே அவற்றைப் போற்றியிருக்கிறோம். எமது கடை வாசலில் அவை நின்றுவிட்டன.

கணக்குப் போட்டோம். வாரத்துக்கு ஏறத்தாழ 84 மணித்தியாலம் வேலை வாங்கியிருக்கிறோம். சட்டத்துக்கு மேலானது 39. பதினான்கு மாதத்தில், அறுபது வாரங்களுக்கு, 2,340 மணித்தியாலம். மாதத்துக்கு இருநூறு மணித்தியாலம் என்று வைத்தால் அவரது ஒரு மணித்தியாலத்தின் கூலி 75 ரூபா. ஒன்றரை மடங்கு 112 ரூபா 50 சதம். ஆக மொத்தம் 2,63,250 ரூபா. பதினான்கு மாதம் வேலை செய்தவருக்கு நாம் மேலும் பதினேழரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது! எமது கடை முதலாண்டில் நட்டமின்றித் தப்பியதன் இரகசியம் இதுதான். இரண்டு பைகளும் மூன்று பத்திகளும் அன்று. அந்த இளைஞரின் உறக்கம்.

களனிப் பெண்மணி தமது கைக்குப் போட்ட விலையை நாம் பிறர் கைக்குப் போடவில்லை. ஒரு தொழில் நியாயமான கூலியைக் கொடுத்து நிற்க முடியாவிட்டால், அது வெற்றிபெற்ற தொழில் அன்று. இன்னும் தோல்வி அறிவிக்கப்படாத தொழில், அவ்வளவே. 2018 ஏப்ரல் முதல் நியமனக் கடிதம் எழுதினோம். சேமலாப நிதியில் பதிந்து, விடுபட்ட மாதங்களுக்கும் கட்டினோம். கடையின் நேரத்தைக் குறைத்தோம். மாலையில் நாமே நின்றோம். வியாபாரம் சிறிது குறைந்தது, கடை மூடப்படவில்லை. பாக்கியான 2,63,250 ரூபாவைத் தவணையாகக் கொடுப்பதாக அவருக்கு எழுதிக் கொடுத்தோம். கடன் கொப்பியில் முதன்முறையாக எமது பெயரும் ஏறியது.

அதன்பின் நாடு பட்ட பாடுகளை நீங்கள் அறிவீர்கள். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது எமது கடையின் அலுமாரிகள் அதிர்ந்தன. பின்வந்த வாரங்களில் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பேச்சு எழுந்தது. எமது ஒழுங்கையிலும் அயலிலும் இருந்த நான்கு சிறு கடைக்காரர், அவருள் ஒருவர் முஸ்லிம், ஒருவர் சிங்களவர், ஒன்று கூடிச் சரக்கைச் சேர்ந்து வாங்குவதென்று முடிவு செய்தது அப்போதுதான். ஒவ்வொருவரும் முன்கூட்டியே தம் பங்கைக் காசாகக் கட்டுதல். ஒரு கடைக்கு ஒரு வாக்கு. போயா நாளில் கணக்கை உரக்க வாசித்தல். நான்கு பேரும் சேர்ந்து ஒரே லொறியில் ஏற்றியபோது கூலியும் குறைந்தது, விலையும் இறங்கியது. ரொச்டேல் விதிகளில் சில இவ்வாறு கொட்டாஞ்சேனைக்கு வந்துசேர்ந்தன.

2020 மார்ச் 20ஆம் நாள் ஊரடங்கு வந்தது. ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவியபின் கொட்டாஞ்சேனை மீண்டும் அடைபட்டது. களனிப் பெண்மணியைப் பின்பற்றி நாமும் ஒதுக்கிவைத்திருந்த இரண்டு மாதச் செலவுதான் சம்பளத்தைத் தடையின்றிக் கொடுக்க உதவியது.

2022 அதனினும் கொடியது. டொலருக்கு 200 ரூபாவாக இருந்தது சில வாரங்களில் 360ஐ எட்டியது. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. பழைய விலைக்கு வாங்கிய ஐந்து மூட்டைப் பருப்பைப் பழைய விலைக்கே விற்றால், கிடைக்கும் பணத்தில் மூன்று மூட்டையும் வாங்க முடியாது. அலுமாரி மாதந்தோறும் சுருங்கும். புதிய விலைக்கு விற்றால், ஒழுங்கை மக்களின் கண்ணில் நாம் கொள்ளைக்காரர். எந்த நூலும் இதற்கு விடை சொல்லவில்லை. வாங்கிய சிட்டைகளைச் சுவரில் ஒட்டிவைத்தோம். சேர்ந்து வாங்கும் நான்கு கடைகளும் ஒரே விலையை வகுத்துக்கொண்டோம். பழைய சரக்குக்கும் புதிய சரக்குக்கும் இடைப்பட்ட விலையில் விற்றோம். முதல் தேய்ந்தது, முற்றாக அழியவில்லை. அது சரியான விடைதானா என்று இன்றும் எமக்குள் ஐயம் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் கடை நிலைக்கும் என்பது பாதி உண்மை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிந்த கடைகளில் கணக்குக் கொப்பி சுத்தமாக எழுதப்பட்ட கடைகளும் இருந்தன. கொப்பியும் சேர்ந்தே எரிந்தது. 2014இல் அளுத்கமையிலும், 2018இல் திகனையிலும் எரிந்த முஸ்லிம் கடைகளின் கதையும் அதுவே. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75ம், 2023 பெப்ரவரியில் 66ம் உயர்ந்தபோது, குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திய கடைக்காரன் சோம்பேறியா? நீதிமன்றம் செல்லாமலே அடகுச் சொத்தை ஏலமிட வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. நெருக்கடியில் மூழ்கிய சிறு தொழிலாளர் கூக்குரலிட்ட பின்னரே 2024இல் அது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. சிறு தொழிலின் தோல்வியை எல்லாம் தனிமனிதனின் ஊதாரித்தனமாகக் காட்டுவோர், இந்தப் பக்கங்களைப் புரட்டாமலே கொப்பியை மூடிவிடுகிறார்கள். ஆகவே, கடைக்காரனுக்குக் கொப்பியும் வேண்டும். பக்கத்துக் கடைக்காரனின் கையும் வேண்டும். ஒழுங்கையில் அமைதியும், அதனைக் காக்கும் அரசியலும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் சவரக்கடையொன்றில் உழைத்துக்கொண்டே 1966 ஓகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கி, இதழ்களைக் கையில் ஏந்தித் தெருத்தெருவாக விற்ற டொமினிக் ஜீவாவை நினைத்துக்கொள்கிறோம். பிற்காலத்தில் கொழும்புக்கு வந்தும் அப்பணியைத் தொடர்ந்து, 2021இல் மறைந்தார். விற்பதையும் வாங்கியவரிடம் காசைக் கேட்டுப் பெறுவதையும் அவர் இழிவாகக் கருதவில்லை. கணக்கை இழிவென்று கருதும் இலட்சியவாதி, தன் இலட்சியத்தின் செலவைப் பிறர் தலையில் கட்டிவிடுகிறான். எம்மைவிட இதனை நன்கறிந்தவர் யார்?

ஈற்றில் அந்த இளைஞரின் கணக்கு. 2022 நடுப்பகுதி வரை அவருக்கு 1,50,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் மத்திய கிழக்குக்குப் புறப்பட்டார். விலைவாசியோடு போட்டியிடும் சம்பளத்தை எம்மால் கொடுக்க இயலவில்லை. புறப்படும் நாளில் மிகுதி 1,13,250 ரூபாவையும் எண்ணிக் கொடுத்தோம். அவர் கொப்பியில் கையொப்பமிட்டார். "கணக்கு முடிஞ்சிருச்சு, சேர்" என்று சிரித்தார்.

கணக்கு முடியவில்லை. 2018இல் அத்தொகை வாங்கியிருக்கக்கூடிய அரிசியில் பாதியைக்கூட 2022இன் பிற்பகுதியில் அது வாங்காது. நேரத்துக்குக் கொடாத கூலி, பின்னர் எண்ணிக்கையில் சரியாகக் கொடுக்கப்பட்டாலும், நிறையில் குறைந்தே போகிறது. தராசுக்கு முத்திரை குத்த ஆண்டுதோறும் ஆள் வருகிறார், இதற்கு வருவதில்லை. கொப்பியின் அந்தப் பக்கத்தில் அவரது கையொப்பத்தின் கீழ் நாம் இன்னும் கோடிடவில்லை.